அம்மா படுத்தே இருக்கட்டுமா, எழுப்பி நடத்தலாமா?

வாசகியின் கடிதம்:

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் வசிக்கிறேன். அப்பா காலமான பிறகு அம்மாவை யாழ்ப்பாணத்து வடமராட்சியிலிருந்து இங்கே கூட்டிவந்தோம். அவருக்கு 72 வயது. மூன்று கிழமைக்கு முன்னர் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிந்துவிட்டது. அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை செய்து, இடுப்பு மூட்டில் முறிந்த பந்தை எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்தார்கள். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து அம்மா கட்டிலை விட்டு இறங்கவில்லை என்றே சொல்லலாம். ‘பச்சைக் காயம், அசையக்கூடாது’ என்கிறார் பெரியம்மா. ‘நடக்கவிடு’ என்று கனடாவிலிருந்து அண்ணா தினமும் சொல்கிறார். மீன், முட்டை, தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் கிரந்தி, காயத்துக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டோம். கஞ்சியும் இடியப்பமும் சொதியும்தான் கொடுக்கிறோம். இரவில் அம்மா செத்துப்போன மாமாவோடு கதைக்கிறார். பகலில் ‘என்னை ஊரில் கொண்டுபோய் விடு’ என்று அழுகிறார். பராமரிப்புக்கு அமர்த்திய பெண் சிங்களம் மட்டுமே பேசுவார். அம்மா அவரைத் தொடவிடுவதில்லை. என் லீவு அடுத்த கிழமை முடிகிறது. நேற்று அம்மாவிடம் சத்தம் போட்டுவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன். நான் என்ன செய்ய?

இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) பதில்:

அன்பின் தங்கைக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தைத்தான் முதலில் பார்த்தேன். வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது கையில் தரும் அட்டை, எல்லோரும் டயக்னோசிஸ் காட் என்று சொல்வது. அதன் கடைசி வரிக்கு மேல்வரியில் மூன்று சொற்கள் இருக்கின்றன: ஃபுல் வெயிட் பேரிங். உடம்பின் முழுப் பாரத்தையும் அந்தக் காலில் ஊன்றலாம் என்பது அதன் பொருள். சத்திரசிகிச்சை செய்த நிபுணரே அனுமதி எழுதித் தந்திருக்கிறார். அந்த வரியை ஒருவரும் உங்களுக்குத் தமிழில் சொல்லித் தரவில்லை என்பதை நினைக்க எனக்கு மனம் நோகிறது. மூன்று கிழமையாக அம்மா கட்டிலில் கிடப்பதற்கு இது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

ஆகவே உங்கள் முதற்கேள்விக்குப் பதில்: அம்மா எழும்ப வேண்டும். நாளைக்கே எழும்ப வேண்டும்.

பெரியம்மாவோடு இதற்காகச் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் இளமையில் கண்டதைச் சொல்கிறார். அந்தக் காலத்தில் தொடை எலும்பு முறிந்தவரைக் காலில் பாரம் தொங்கவிட்டு, எலும்பு தானாகப் பொருந்தும்வரை கிழமைக்கணக்கில் கட்டிலில் கிடத்துவார்கள். அப்படிக் கிடந்த பலர் நெஞ்சில் சளி கட்டியும் படுக்கைப்புண் வந்தும் இறந்துபோனார்கள். அதைத் தவிர்க்கத்தான் இந்தச் சத்திரசிகிச்சையே வந்தது. உங்கள் அட்டையில் ஏ.எம்.பி. என்று எழுதியிருப்பது, அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒஸ்டின் மூரின் பெயரால் வழங்கும் உலோகப் பந்து. 1950களிலிருந்து உலகெங்கும் வைத்து வருகிறார்கள். இங்கே எலும்பு பொருந்தும்வரை காத்திருக்க ஒன்றுமில்லை, முறிந்த துண்டை எடுத்தாயிற்று. நிற்பதற்காகத்தான் அந்த உலோகத்தை உள்ளே வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்கு மறுநாளே நோயாளியை நிற்கவைத்துப் பார்க்கிறோம்.

படுக்கை எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்பதை ஒரு கணக்கால் சொல்கிறேன். 2007ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில், எந்த நோயும் இல்லாத சில முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பத்து நாளில் அவர்களின் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் தசை குறைந்திருந்தது. உங்கள் அம்மாவுக்கு நோயும் இருக்கிறது, நோவும் இருக்கிறது, சாப்பாடும் போதவில்லை, நாளும் இருபதைத் தாண்டிவிட்டது. அவர் ‘கால் தாங்காது’ என்று சொல்வது பிடிவாதம் இல்லை. உண்மையிலேயே தாங்காது. இன்னும் ஒரு கிழமை படுத்தால் இன்னும் குறைவாகத் தாங்கும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் மாமியாருக்கு இதே முறிவு வந்தபோது நான் வேலையில் சேர்ந்து சில வருடங்களே ஆகியிருந்தன. வைத்தியசாலையில் மற்றவர்களின் தாய்மாரை எழுப்பி நடக்கவைத்துவிட்டு, வீட்டில் அவருக்குக் கட்டிலிலேயே ஊட்டிவிட்டேன். நோகுது என்று ஒரு சொல் சொன்னால் போதும், திரும்பவும் படுக்கவைத்துவிடுவேன். பாசம் என்று நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து நானே பிடித்துத் தூக்கியும் அவரால் நிற்க முடியவில்லை. இருந்த காலம் முழுவதும் சக்கர நாற்காலியில்தான் இருந்தார். உங்களுக்கு எழுதும்போது அவருடைய முகம்தான் என் கண்ணுக்குள் நிற்கிறது.

நாளைக் காலையில் இப்படித் தொடங்குங்கள். வைத்தியர் எழுதித் தந்த நோக்குளிசையைக் கொடுத்து முக்கால் மணித்தியாலம் பொறுங்கள். பிறகு அம்மாவைக் கட்டில் விளிம்பில், இரண்டு பாதமும் தரையில் படும்படி இருத்துங்கள். மூன்று கிழமை படுத்தவருக்குத் தலை சுற்றும். அது அடங்கும்வரை அப்படியே இருக்கட்டும், பக்கத்தில் இருந்து கதைத்துக்கொண்டிருங்கள். அடங்காவிட்டால் திரும்பப் படுக்கவைத்துவிட்டுப் பின்னேரம் மீண்டும் பாருங்கள். அடங்கினால் வோக்கரை முன்னால் வையுங்கள். எழும்பும்போது வோக்கரைப் பிடித்து இழுக்கக்கூடாது, அது கவிழும். கைகளால் கட்டிலை அழுத்தி எழும்பி, நின்ற பிறகே வோக்கரைப் பிடிக்க வேண்டும். நீங்கள் நிற்க வேண்டிய இடம் சத்திரசிகிச்சை செய்த காலின் பக்கம், சற்றுப் பின்னால். உங்கள் கை அவருடைய இடுப்பில் இருக்கட்டும். அக்குளில் பிடித்துத் தூக்காதீர்கள், தோள் மூட்டு விலகலாம்.

முதல் நாள் நின்று, பத்து எண்ணி, திரும்ப இருந்தால் போதும். அதை நாளுக்கு நான்கு தடவை செய்யுங்கள். அடுத்த நாள் கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரைவரை. அதற்கடுத்து அறை வாசல். நடக்கும் ஒழுங்கு எப்போதும் ஒன்றுதான்: முதலில் வோக்கர், அடுத்து நோவுள்ள கால், பிறகு நல்ல கால். வேளைச் சாப்பாடு மூன்றையும் கதிரையில் இருந்துதான் சாப்பிட வேண்டும் என்று வீட்டில் ஒரு சட்டமே போட்டுவிடுங்கள். கட்டிலில் இருக்கும் நேரத்தில் மணிக்கொரு தடவை பாதத்தை மேலும் கீழும் பத்து முறை அசைக்கட்டும். இரத்தம் கெண்டைக்காலில் உறையாமல் இருக்க அது உதவும்.

கதிரை உயரமானதாக, கைபிடி உள்ளதாக இருக்க வேண்டும். இருக்கும்போது முழங்கால் இடுப்பைவிட உயரக்கூடாது. பதிவான கதிரை என்றால் இறுக்கமான தலையணை ஒன்றைப் போட்டு உயர்த்துங்கள். பாயில் இருப்பது, பலகையில் குந்துவது, கால்மேல் கால் போடுவது, குனிந்து நிலத்தில் கிடப்பதை எடுப்பது எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், பந்து குழியை விட்டு நழுவலாம். இந்தக் கட்டுப்பாடு எத்தனை கிழமைக்கு என்பதைக் கிளினிக்கில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இடுப்பின் முன்பக்கமாக வெட்டினார்களா பின்பக்கமாக வெட்டினார்களா என்பதைப் பொறுத்து அது மாறும்.

நோவைப் பற்றி ஒரு சொல். நடக்கும்போது நோகும். நடந்து முடித்து இருந்த பின் ஒரு மணித்தியாலத்துக்குள் தணிகிற நோவுக்குப் பயப்பட வேண்டாம். திடீரென்று தாங்க முடியாத நோ வந்து, அந்தக் கால் நீளம் குறைந்ததுபோலவும் பாதம் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பியும் தெரிந்தால், எழுப்பாமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். பனடோலை நோ வந்த பிறகு தேடாமல் எழுதித் தந்த நேரத்துக்கே கொடுங்கள். பரசிட்டமோல் என்று வேறு பெயரில் இருக்கும் குளிசையும் அதுதான். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். அயலவர் ஒருவர் கொண்டுவந்து தந்த டைக்குளோபினாக் என்ற நோக்குளிசையை அலுமாரியில் வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அம்மாவுக்குப் பிரஷரும் இருக்கிறது. வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். ஊரிலிருந்து பரியாரியாரின் எண்ணெய் வந்தால் வாங்கி வையுங்கள், ஆனால் காயத்திலும் பூச வேண்டாம், கெண்டைக்காலையும் உருவிவிட வேண்டாம். உள்ளே இரத்தக்கட்டி இருந்தால் உருவும்போது அது நகர்ந்து நுரையீரலுக்குப் போய்விடலாம்.

இனிச் சாப்பாடு. இதில் எனக்குக் கோபமே வருகிறது, உங்கள்மேல் அல்ல, கிரந்தி என்ற சொல்மேல். காயம் ஆறுவதற்கும் போன தசை திரும்பி வருவதற்கும் புரதம் வேண்டும். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை என்று கணக்கிடுகிறோம். அம்மா 50 கிலோ என்றால் குறைந்தது 60 கிராம். கஞ்சியிலும் இடியப்பத்திலும் சொதியிலும் இதில் பாதிகூடத் தேறாது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், உள்ளங்கையளவு மீன் துண்டில் ஏறத்தாழ 20 கிராம், ஒரு கிளாஸ் பாலில் 6 அல்லது 7 கிராம். சிறுநீரக நோய் இருப்பதாக யாராவது சொல்லியிருந்தால் மட்டும் அளவை வைத்தியரிடம் கேளுங்கள்.

பெரியம்மாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: பிள்ளை பெற்ற வீட்டில் தாய்க்கு என்ன கொடுத்தீர்கள்? பால்சுறா வறையும் சரக்கு அரைத்த மீன்கறியும் முருங்கையிலையும்தானே? பெண்பிள்ளை பெரியவளானால் முட்டையும் உளுத்தங்களியும்தானே? உடம்பு தேற மீனும் முட்டையும் உளுந்தும் வேண்டும் என்பது நம்முடைய ஆச்சிமாருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. கத்தரிக்காயும் இறாலும் கண்டிப்பாக வேண்டாம் என்று பெரியம்மா சொன்னால் அதை விட்டுக்கொடுங்கள், இழப்பு ஒன்றுமில்லை. மீனையும் முட்டையையும் பருப்பையும் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். முட்டையை நன்றாக அவித்தே கொடுங்கள், பச்சையாக வேண்டாம். பப்பாசியும் கீரையும் போதிய தண்ணீரும் சேர்ந்தால் மலச்சிக்கலும் குறையும். நோக்குளிசைகளில் சில மலச்சிக்கலை உண்டாக்கும், மலச்சிக்கலே முதியவர்களின் பசியைக் கெடுத்துவிடும். சலம் கழிக்க எழும்ப வேண்டிவரும் என்று பயந்து பலர் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். அம்மாவும் அப்படிச் செய்கிறாரா என்று கவனியுங்கள்.

இரவில் மாமாவோடு கதைப்பதைப் பார்த்து நீங்கள் பயந்துபோயிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்துவிடவில்லை. தொடை எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு முதியவர்களுக்கு இந்தக் குழப்பநிலை அடிக்கடி வருகிறது. ஆனால் மூன்று கிழமையாகியும் விடாமல் இருப்பதால் இந்தக் கிழமையே வைத்தியரிடம் காட்ட வேண்டும். சலத்தில் கிருமித்தொற்று, உடம்பில் நீர் குறைவது, மலம் கட்டுவது, தணியாத நோ, டிரமடோல் போன்ற கடும் நோக்குளிசைகள், இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம்; கண்டுபிடித்தால் சரிசெய்யலாம். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது, பகலில் யன்னல் திரையைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடுவது. கண்ணாடி அணிபவர் என்றால் அணிந்தே இருக்கட்டும். சுவரில் ஒரு மணிக்கூடும் கலண்டரும் கண்ணில் படும்படி இருக்கட்டும். மாமா இறந்து எத்தனையோ வருடம் என்று நடுச்சாமத்தில் வாதாடாதீர்கள். ‘மாமாவை நினைத்தீர்களா, அம்மா?’ என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இதை இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். ஊரை விட்டு வந்தவர், வெளியே இறங்கினால் காலி வீதியின் இரைச்சல், கண் விழித்தால் முன்னால் தனக்குத் தெரியாத மொழி பேசும் ஒரு பெண். தெளிவான மனதுக்கே அது பாரம். அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள், அவர் வந்தது உழைக்கத்தான். வேலையை மாற்றிக்கொடுங்கள். சமையல், துணி, வீடு கூட்டுவது அவருடையதாகட்டும். அம்மாவைத் தொடுகிற வேலையை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பை உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப மாலைக்கு மாற்றுங்கள். குளியலறையில் வழுக்காத பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வைத்து, முகத்தையும் முன்பக்கத்தையும் அம்மாவே கழுவட்டும், முதுகுக்கும் காலுக்கும் மட்டும் நீங்கள் போங்கள். நோ, தண்ணீர், மலசலகூடம், பயம், எழும்பு, இரு என்ற சொற்களைத் தமிழில் அந்தப் பெண்ணுக்குப் படிப்பியுங்கள். அவற்றின் சிங்களத்தை அம்மாவுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஒரு கிழமைக்குள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். இதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அண்ணாவிடம் வேலை வாங்குங்கள். ஆலோசனை சொல்கிறவர் கைகொடுக்கவும் வேண்டும். இங்கே மாலை என்றால் அங்கே காலை. தினமும் மாலை ஆறு மணிக்கு அவர் வீடியோவில் வரட்டும்; அம்மா எழும்பி நிற்கும்போது பத்துவரை எண்ணுகிற வேலை அவருடையது. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் அம்மா இரண்டு தடவை கூடுதலாக எழும்புவார். கொமட் கதிரைக்கும், கிழமைக்கு இரண்டு தடவை இயன்மருத்துவர் ஒருவர் வீட்டுக்கு வருவதற்கும் ஆகும் செலவை அவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். இரவில் எழும்புகிற முறையைக் கணவரோடு நாள் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறவர்களை மாலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் மட்டும் வரச்சொல்லுங்கள். என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டால் பிஸ்கட்டும் திராட்சையும் வேண்டாம், முட்டை வாங்கி வாருங்கள் என்று சொல்லலாம், ஒருவரும் குறையாக நினைக்க மாட்டார்கள்.

நீங்கள் சத்தம் போட்டதைப் பற்றி. மூன்று கிழமை தொடர்ந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை கொள்ளாத எவருக்கும் அப்படி நடக்கும். அம்மாவிடம் போய், ‘களைத்துப்போனேன் அம்மா, அதுதான் கத்திவிட்டேன்’ என்று சொல்லுங்கள். அவரும் பிள்ளை வளர்த்தவர், அவருக்கு விளங்கும். இந்தச் சனிக்கிழமை பெரியம்மாவை அம்மாவோடு இருக்கச் சொல்லிவிட்டுத் தொடர்ந்து ஆறு மணித்தியாலம் நித்திரை கொள்ளுங்கள். அம்மா எழும்புவதற்கு நீங்கள் நிற்க வேண்டும்.

பின்வருவனவற்றை எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். காயத்தைச் சுற்றிச் சிவப்புப் பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தாண்டினால், குதிகாலிலோ பிட்டத்திலோ தோல் சிவந்து அந்தச் சிவப்பு மறையாமல் நின்றால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலும் அன்றே போக வேண்டும். திடீரென்று மூச்சு முட்டினால், நெஞ்சு நொந்தால், மயங்கி விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். லிப்ட் வேலை செய்யவில்லை என்றால் மூன்றாம் மாடி என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியோ குளிசையோ எந்த நாள்வரை என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். தெளிவாக இல்லாவிட்டால் நாளைக்கே வோர்ட்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆறாம் கிழமைக் கிளினிக்குக்குப் போகும்போது கட்டாயம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘என் அம்மாவின் எலும்பு தேய்வுக்கு மருந்து தொடங்கியாயிற்றா?’ நின்ற உயரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்தது என்றால் எலும்பு ஏற்கெனவே பலமிழந்திருக்கிறது என்று பொருள். கல்சியம், விட்டமின் டி, தேவை என்றால் கிழமைக்கு ஒன்று போடும் குளிசை என்று சிகிச்சை இருக்கிறது. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் நாம் கேட்காவிட்டால் இது தவறிப்போகும், மற்ற இடுப்பும் முறிகிறவர்களை நான் காண்பது இதனால்தான். கண்ணையும் ஒரு தடவை பரிசோதித்துவிடுங்கள். குளியலறைச் சுவரில் கைபிடி பொருத்துவதையும், கால்மிதியை எடுத்துவிடுவதையும், இரவில் அந்த வழியில் ஒரு சின்ன மின்குமிழ் எரியவிடுவதையும் கிளினிக் நாள்வரை ஒத்திப்போட வேண்டாம்.

அம்மா ‘ஊரில் கொண்டுபோய் விடு’ என்று அழுவதை மறுக்காதீர்கள். ஊரில் அவர் விடிய எழும்பி முற்றம் கூட்டியவர், கிணற்றில் தண்ணீர் அள்ளியவர். இங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. கதிரையில் இருக்கப் பழகியதும் முருங்கையிலை உருவவும் வெங்காயம் உரிக்கவும் கொடுங்கள். வோக்கரில் வீட்டுக்குள் தனியாக நடக்கத் தொடங்கியபின் நான்கு படி ஏறி இறங்கப் பழக்குங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். லிப்ட் நிற்கும் நாளிலும் அது உதவும், ஊர் வீட்டுப் படிக்கும் உதவும். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பயணத்துக்கு மூன்று மாதமாவது பொறுத்து, கிளினிக்கில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். போவோம் என்று இன்றைக்கே அம்மாவிடம் சொல்லலாம், நடப்பதற்கு அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும். ஊர் வீட்டில் இருப்பது குந்தி எழும்புகிற மலசலகூடம் என்றால், அம்மா போய்ச் சேருமுன் அங்கே கொமட் போட்டு முடிக்க வேண்டும் என்று அண்ணாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.